பானெட்டுக்குள் அடிக்கும் பெயின்ட்: எது நிற்கும், எது உரியும்?

வண்டிப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

மழை ஓய்ந்து பானெட்டைத் திறந்து பார்க்கும் மாதம் இது. மும்பை வாசகர்களின் கடிதங்களில் எஞ்சின் ரூம் பெயின்ட் பற்றிய கேள்விகளே அதிகம் வந்திருப்பதால், இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

என்னிடம் 1998 மாருதி 800 இருக்கிறது. ஓவர்ஹாலுக்காக எஞ்சினை இறக்கியிருக்கிறோம். காலியாக இருக்கும்போதே எஞ்சின் ரூமுக்குப் பெயின்ட் அடித்துவிட நினைக்கிறேன். டிங்கரிங் கடைக்காரர் டக்கோவே போதும் என்கிறார். மைத்துனர் பவுடர் கோட்டிங் செய்யச் சொல்கிறார். குர்லாவில் பெயின்ட் கடையில் விசாரித்தால், எபாக்ஸி அடித்தால் ஆயுசுக்கும் போகாது என்கிறார்கள். எதைச் செய்வது? (செம்பூர் வாசகர்)

அடியில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் டூ-கே (ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலந்து அடிக்கும்) பாலியூரித்தேன் சிங்கிள் ஸ்டேஜ் (மேலே தனிப் பளபளப்புக் கோட் தேவைப்படாத) பெயின்ட். உங்கள் வண்டிக்கு இதுதான் சரி. பவுடர் கோட்டிங்கைக் கழற்றி எடுக்கக்கூடிய சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டக்கோ வேண்டவே வேண்டாம்.

எஞ்சின் ரூம் என்றதும் எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். உள் ஃபெண்டர், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு), ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷனின் மேல்முனை உட்காரும் இடம்) போன்ற தகடுகளின் சூடு ஓட்டத்தில் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுத்துச்செல்லும் வார்ப்புக் குழாய்) நேர் எதிரே உள்ள சிறு பகுதி மட்டும் விதிவிலக்கு. நன்றாக இறுகிய டூ-கே பெயின்ட் 120 டிகிரியைச் சிரமமில்லாமல் தாங்கும். இங்கே பெயின்டைக் கெடுப்பவை சிந்தும் திரவங்களும் உப்புக் காற்றும்தான்: பிரேக் ஆயில், பேட்டரி அமிலம், பெட்ரோல், கூலன்ட், மழைக்காலத்தில் கீழிருந்து தெறிக்கும் சேற்றுத் தண்ணீர். அதனால் கடையில் போய் “எத்தனை டிகிரி தாங்கும்?” என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பெட்ரோலும் பிரேக் ஆயிலும் பட்டால் என்னாகும் என்று கேளுங்கள்.

டக்கோ எனப்படும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் இந்தக் கேள்வியில் உடனே தோற்றுவிடும். அதில் இருக்கும் தின்னர் காற்றில் பறந்துவிடுவதால் அது காய்கிறது, அவ்வளவுதான். உள்ளே எந்த வேதிப்பிணைப்பும் உண்டாவதில்லை. அதனால் மறுபடி தின்னரோ பெட்ரோலோ பட்டதும் இளகிவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல். எத்தனாலும் என்.சி.யை இளக்கும் சரக்குதான். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் கசிவு சகஜம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டூ-கே பெயின்டில் ஹார்டனர் தனி டப்பாவில் வரும். கலந்ததும் இரண்டும் வினைபுரிந்து வலைபோலப் பின்னிக்கொள்ளும். அந்தப் பிணைப்பைத் தின்னரால் அவிழ்க்க முடியாது.

வண்டியில் ஏற்கெனவே அடித்திருப்பது எந்த ரகம் என்று பார்க்க ஒரு வழி உண்டு. வெள்ளைத் துணியை என்.சி. தின்னரில் நனைத்து, மறைவான ஓர் இடத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அது டக்கோ அல்லது சாதா எனாமல். அதன் மேல் டூ-கே அடித்தால் அடிப்பெயின்ட் சுருண்டு மேலே எழும், ஆகவே தகடு தெரியும்வரை அதை எடுத்தாக வேண்டும். நிறம் ஏறவில்லையென்றால் கம்பெனிப் பெயின்டாகவோ பழைய டூ-கேயாகவோ இருக்கும்.

கம்பெனிப் பெயின்ட் இன்னும் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடங்களைத் தகடுவரை சுரண்ட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். பாடியையே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கவைக்கும் ஈ.டி. கோட் அதன் அடியில் இருக்கும். மூலை முடுக்கில் எல்லாம் நுழைந்து, சூளையில் வெந்த அந்தப் படலத்துக்கு ஈடான பிரைமர் எந்தப் பட்டறையிலும் கிடையாது. துரு பிடித்த இடத்தை மட்டும் தகடுவரை எடுங்கள். மற்ற இடத்தில் 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பை மங்கவைத்தால் போதும்.

பவுடர் கோட்டிங் வேதிப்பொருளைத் தாங்குவதில் டூ-கேயைவிட ஒரு படி மேல்தான். ஆனால் 180 முதல் 200 டிகிரி சூளையில் வெந்தால்தான் அது பிடிக்கும். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பாடியை அந்தச் சூட்டில் வைத்தால் சீம் சீலர் (தகடு மடிப்புகளை அடைக்கும் பசை), ரப்பர், பட்டி (பள்ளம் நிரப்பும் கலவை) எல்லாம் கருகும். இன்னொரு குறை, கல் பட்டு ஓர் இடத்தில் தெறித்துவிட்டால் ஈரம் அடியில் புகுந்து தகடு நெடுகத் துரு ஓடும். மேலே தோல் மட்டும் பளபளவென்று நிற்கும், தெரியும்போது காலம் கடந்திருக்கும். பேட்டரி டிரே, பிராக்கெட்டுகள், ரேடியேட்டர் தாங்கி, பானெட் கீல் ஆகியவற்றை மட்டும் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புங்கள்.

எபாக்ஸி மட்டும் அடித்து விட்டுவிடலாமா என்றால், கூடாது. தகட்டைப் பிடிப்பதிலும் ஈரத்தைத் தடுப்பதிலும் அதற்கு நிகரில்லை. ஆனால் வெளிச்சம் பட்டால் வெளிறி மாவாக உதிரும். கிரில் வழியாக வரும் வெயிலே அதற்குப் போதும். அதனால்தான் மேலே பாலியூரித்தேன். நிறத்தின் மேல் தனியாகக் கிளியர் (நிறமில்லாத பளபளப்புக் கோட்) அடிக்கும் முறையை எஞ்சின் ரூமுக்கு நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஸ்பேனர் விழுந்து ஓர் இடம் பெயர்ந்தால் சிங்கிள் ஸ்டேஜை ஒரு சின்ன பிரஷ்ஷால் சரிசெய்யலாம். கிளியர் ஓரம் தூக்கிக்கொண்டால் அது பெரிய வேலை. மெட்டாலிக் நிறம்தான் வேண்டும் என்றால் வேறு வழியில்லை, கிளியர் அடித்துத்தான் ஆக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கிரீஸ் போக வேண்டும், அதன்பிறகுதான் உப்புத்தாள். முறை மாறினால் தாளின் கீறல்களுக்குள் எண்ணெயைத் தேய்த்து ஏற்றியது போலாகும். பட்டறைகளில் மண்ணெண்ணெய் அடித்துக் கழுவுவார்கள். அது அழுக்கை எடுக்கும், ஆனால் தன் பங்குக்கு ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். எனவே மண்ணெண்ணெய்க்குப் பிறகு டிகிரீசரோ பாத்திரம் தேய்க்கும் லிக்விடோ போட்டு வெந்நீரில் இரண்டு முறை கழுவுங்கள். சுத்தமாகிவிட்டதா என்று தண்ணீரே சொல்லும். நல்ல தண்ணீரைத் தகட்டில் ஊற்றிப் பாருங்கள். ஒரே ஏடாகப் படர்ந்து நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு விலகினால் அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. ஃபயர்வாலின் கீழ் விளிம்பும் ஸ்டியரிங் பாக்ஸைச் சுற்றியுள்ள இடமும் முதல் கழுவலில் இந்தச் சோதனையில் தேறுவது அரிது.

துருவுக்கு முதலில் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் தாள், கடைசியில் 180. குழிக்குள் கறுப்புப் புள்ளியாக நிற்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு நீக்கியைத் தடவலாம். தடவியபின் டப்பாவில் சொன்னபடி அலசி எடுத்து, ஹாட் ஏர் கன்னால் முழுதாக உலர்த்துங்கள். அமிலம் மிச்சமிருந்தால் எபாக்ஸி அந்த இடத்தில் இறுகாமல் பின்னால் ஏடு ஏடாகக் கழன்று வரும். தகடு தெரிந்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஒரே இரவில் ஆரஞ்சு நிறப் பூச்சு படர்ந்துவிடும்.

எபாக்ஸியைக் கலக்கும் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் போட்டிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும், கண் மதிப்பு உதவாது. சிலவற்றைக் கலந்தபின் 20, 30 நிமிடம் அப்படியே வைத்திருந்து அடிக்கச் சொல்லியிருப்பார்கள். அதையும் பாருங்கள். மாருதி 800-இன் காலி எஞ்சின் ரூம் சுமார் மூன்று சதுர மீட்டர்தான். கலந்த எபாக்ஸி அரை லிட்டர் இரண்டு மெல்லிய கோட்டுக்குப் போதும். மேல் பெயின்ட் ஹார்டனர், தின்னர் சேர்த்து முக்கால் லிட்டர். ஹார்டனர் கலக்காத பெயின்ட் 100 மில்லி எடுத்து இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் டச்-அப்புக்கு உதவும்.

தகடுகள் சேரும் மடிப்புகளில் பழைய சீலர் வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்ஸி காய்ந்தபின் பாலியூரித்தேன் சீம் சீலர் போடுங்கள். குளியலறை சிலிக்கான் வேண்டாம். அதன்மேல் எந்தப் பெயின்டும் பிடிக்காது. புளித்த வாசனை வரும் ரகம் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வேறு வெளிவிடும். பட்டி வைப்பதைக் கூடிய மட்டும் தவிருங்கள். அது ஈரத்தை இழுக்கும், எஞ்சின் அதிர்வில் கீறல் விடும்.

மாஸ்கிங் டேப் ஒட்டும்போது அதிகம் மறந்துபோவது எர்த் போல்ட் இருக்கும் இடங்கள். அங்கே பெயின்ட் ஏறினால் பிறகு ஹெட்லைட் மங்கும், ஸ்டார்ட்டர் திணறும், காரணம் தெரியாமல் எலெக்ட்ரீஷியன் வயரிங்கையே பிரித்துப் போடுவார். மரையுள்ள ஓட்டைகளில் பழைய போல்ட்டைத் திருகி வைத்துவிடுங்கள். ஸ்ட்ரட் மவுன்ட்டும் எஞ்சின் மவுன்ட்டும் உட்காரும் முகங்களில் தடித்த கோட் கூடாது. இறுக்கிய போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் நசுங்கி இறங்கினால் போல்ட் தளர்ந்துவிடும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் உப்புத்தாளே படக்கூடாது. அதை டேப்பால் மூடிவிடுங்கள். எண் மங்கினால் ஃபிட்னஸுக்கும் பெயர் மாற்றத்துக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அலைய வேண்டியிருக்கும்.

குழிவான இடம் என்பதால் ஸ்பிரே கன்னிலிருந்து போகும் காற்று முகத்துக்கே திரும்பி வரும், பெயின்ட் தூளும் ஈரக் கோட்டின்மேல் வந்து உட்காரும். 1.0 அல்லது 1.2 மில்லிமீட்டர் முனையுள்ள சின்ன கன்னை எடுத்து, அழுத்தத்தை 1.5 பார் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூலைகளும் மடிப்புகளும், கடைசியில் அகலமான முகங்கள். கோட்டுக்குக் கோட் 10, 15 நிமிட இடைவெளி. இரண்டு கோட் போதும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தூவலாக மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இரைக்கும். அபாயமான அளவில்கூட வாசனை தெரியாது. துணி மாஸ்க், பேப்பர் மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் முகமூடிதான் முறையானது. ஹவுசிங் சொசைட்டி பார்க்கிங்கில் வைத்து அடிக்கவே அடிக்காதீர்கள். தயார்ப்படுத்தும் வேலை முழுவதையும் நீங்களே செய்யலாம். கன் பிடிக்கும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் பெயின்ட் பூத் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

மறுநாள் தொட்டால் காய்ந்ததாகத்தான் தெரியும். ஆனால் திரவங்களைத் தாங்கும் வலு முழுதாக வர ஏழு நாளாவது ஆகும். அதற்குள் மாஸ்டர் சிலிண்டரை மாட்டி பிரேக்கில் காற்று எடுக்கும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் முடிந்தபின் சேஸிஸ் கால்களின் ஓட்டை வழியாக உட்பக்கத்துக்கு கேவிட்டி வேக்ஸ் (துருத்தடுப்பு மெழுகு) பீய்ச்சுங்கள். மும்பை வண்டிகளில் துரு தொடங்குவது பெரும்பாலும் அந்தக் குழல்களுக்கு உள்ளேதான். வேக்ஸைப் பெயின்டுக்கு முன்னால் பீய்ச்சினால் அது வழிந்து பெயின்டைக் கெடுத்துவிடும்.

பிரீமியர் பத்மினியின் எஞ்சின் ரூமுக்கு மேட் கறுப்பு அடித்தால் அழுக்குத் தெரியாது, அழகாகவும் இருக்கும் என்கிறார்கள். சரியா? (மாட்டுங்கா வாசகர்)

அழுக்குத் தெரியாதுதான், ஆயில் கசிவும் தெரியாது. பழைய வண்டிக்கு அது பெரிய நஷ்டம். வெளிர் நிறத் தகட்டில் புது ஆயில் கறை அன்றே கண்ணில் படும். மேட் பூச்சு சொரசொரப்பானது என்பதால் கிரீஸைப் பிடித்துக்கொள்ளும், தேய்த்தால் அங்கங்கே பளபளத்துத் திட்டாகிவிடும். வண்டியின் வெளிநிறத்தையே அடியுங்கள். பளபளப்பு வேண்டாம் என்றால் செமி-கிளாஸில் நிறுத்தலாம். ஆர்.சி.யில் இருப்பது வெளிநிறம். அதை மாற்றினால்தான் ஆர்.டி.ஓ.வில் திருத்தம் செய்ய வேண்டும்.

பழைய பெயின்டை எடுக்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். தூள் பறந்து வீட்டுக்குள் போகக்கூடாது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ‘ஹை-ஹீட்’ ஸ்பிரே அடித்தேன். ஒரே மாதத்தில் பொரிந்து கொட்டிவிட்டது. வால்வ் கவருக்கும் அதையே அடிக்கலாம் என்று இருந்தேன், இப்போது தயக்கமாக இருக்கிறது. (டோம்பிவிலி வாசகர்)

கொட்டியதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அடியில் சாதாரண பிரைமர் அடித்திருந்தால் அது முதலில் கருகி, மேலே உள்ளதையும் இழுத்துக்கொண்டு விழும். தடியாக அடித்திருந்தால் உள்ளே அடைபட்ட தின்னர் கொதித்துக் கொப்புளமாகும். அடித்த கையோடு வண்டியை எடுத்து ஹைவேயில் விரட்டியிருந்தாலும் இதே கதிதான். மேனிஃபோல்டுக்கான பெயின்டில் இருப்பது சிலிக்கான் ரெசின். அது அறைச் சூட்டில் காய்ந்ததுபோல் நடிக்கும். 200 டிகிரிக்கு மேல் படிப்படியாகச் சூடு ஏறினால்தான் இறுகும்.

600 டிகிரி என்று குறித்த டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். வார்ப்பிரும்பைச் சாண்ட் பிளாஸ்ட் செய்தோ 80 நம்பர் தாளால் தேய்த்தோ வெறும் உலோகமாக்கி, தின்னரால் துடைத்து, விரல் படாமல் பிரைமர் இல்லாமல் நேராக அடியுங்கள். பார்த்தால் அடி தெரியுமோ என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லிய கோட்டாக இரண்டு, அதிகம் போனால் மூன்று. ஒருநாள் கழித்து மாட்டி, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு முழுதாக ஆறவிடுங்கள். அடுத்து இருபது நிமிடம், மறுபடி ஆறவிடுங்கள். அதன்பிறகு மெதுவாக ஓட்டலாம். முதல் இரண்டு முறையும் புகையும் நாற்றமும் வரும், வண்டி வெட்டவெளியில் நிற்கட்டும். பெயின்ட் அடிக்குமுன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் படக்கூடாது.

வால்வ் கவர் (எஞ்சினின் மேல்மூடி) வேறு கதை. அதன் சூடு ஆயிலின் சூட்டை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு 600 டிகிரிப் பெயின்ட் தேவையில்லை. அடித்தால் ஆயில் பட்டுக் கழன்றுவிடும், ஏனென்றால் அதை இறுக்கும் அளவுக்கு அங்கே சூடே கிடையாது. எஞ்சின் எனாமலோ பவுடர் கோட்டிங்கோ அடியுங்கள். அலுமினிய வார்ப்பில் நுண்துளைகளுக்குள் ஆயில் ஊறியிருக்கும். பவுடர் போடுமுன் வெறும் கவரை 200 டிகிரியில் அரைமணி நேரம் சுட்டு, கக்குவதைக் கக்கவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பூச்சு முழுக்க ஊசித்துளையாக வரும்.

இன்னொன்று, இதில் அலட்சியம் கூடாது. பல கவர்களின் உட்பக்கத்தில் ஆயில் ஆவியைத் தடுக்கும் தகடு ஒன்றை ரிவெட் அடித்திருப்பார்கள். கவரைச் சாண்ட் பிளாஸ்ட் செய்தால் அந்தத் தகட்டுக்குப் பின்னால் மணல் தங்கும். எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது. எஞ்சின் ஓடும்போது அது ஆயிலில் கலந்து பேரிங்கை அரைத்துவிடும். அப்படிப்பட்ட கவரை ரசாயனத்தாலும் பிரஷ்ஷாலும் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும்.

பிரேக் ஆயில் ஊற்றும் பாத்திரத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் சுருங்கி உரிந்திருக்கிறது. இரண்டு முறை டச்-அப் செய்தும் நிற்கவில்லை. (முலுண்ட் வாசகர்)

கசிவு நிற்காத வரை எந்தப் பெயின்டும் அங்கே நிற்காது. பாத்திரம் மாஸ்டர் சிலிண்டரில் உட்காரும் ரப்பர் குரோமெட், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் பின்பக்கம், இந்த இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் குரோமெட்டையோ சிலிண்டர் கிட்டையோ மாற்றிவிட்டுப் பெயின்டுக்கு வாருங்கள்.

டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் கிளைக்கால் வகை. பெயின்டுக்குள் ஊறி அதை உப்பவைத்து, தகட்டிலிருந்து பிரித்துவிடும். டூ-கே பெயின்ட்கூடச் சில மணி நேரம் தேங்கினால் சுருங்கும். ஆனால் கிளைக்கால் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் சிந்திய உடனே துணியால் இழுக்காமல், நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள், பாத்திரத்தின் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. துடைத்தால் பரவத்தான் செய்யும்.

இப்போது உரிந்த இடத்தைச் சுற்றி, கெட்டியான பெயின்ட் வரும்வரை எடுங்கள். நீங்கள் நினைப்பதைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக எடுக்க வேண்டிவரும், அடியில் ஆயில் ஊறியிருக்கும். தண்ணீரில் கழுவி, உலர்த்தி, ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல்) ஆல்கஹாலால் துடைத்து, பிரஷ்ஷிலேயே எபாக்ஸி இரண்டு கோட், அதன் மேல் டூ-கே. உங்கள் இரண்டு டச்-அப்பும் நிற்காததற்கு, கடையில் கிடைக்கும் சிறு பாட்டில் பெயின்டில் ஹார்டனர் இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

2019 மாடல் வண்டி. வீடு கடற்கழி ஓரம். பேட்டரி டிரே, போல்ட் தலைகள், ஃபெண்டர் மடிப்பு ஆகிய இடங்களில் துரு. எஞ்சினை இறக்காமல் ஏதாவது செய்ய முடியுமா? (நேருல் வாசகர்)

முடியும். எஞ்சின் ரூம் முழுவதும் பெயின்ட் அடிக்க வேண்டிய நிலை இது இல்லை. முதலில் உப்பு போக வேண்டும். ஆறிய எஞ்சினில், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, வெறும் குழாய்த் தண்ணீரால் மெதுவாக அலசுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். துருவுக்கு அடியில் உப்பு தங்கியிருக்க, அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் போடும்.

பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றி, பேட்டரியை வெளியே எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் நாலைந்து மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து டிரேயில் ஊற்றுங்கள். பொங்குவது நிற்கும்வரை ஊற்றிக் கழுவினால் அமிலம் முறிந்துவிடும். டிரே கழன்றால் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடலாம்.

போல்ட் தலைகளுக்குப் பெயின்ட் அடிப்பது வீண். முதல் முறை ஸ்பேனர் போட்டதும் போய்விடும். நாக்தேவி தெருவில் அதே அளவில், அதே கிரேடில் சிங்க் பூச்சுள்ள போல்ட் கிடைக்கும். ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, மேலே லேசாகத் துருத்தடுப்பு வேக்ஸ் தடவுங்கள். மடிப்புத் துருவுக்கு முலுண்ட் வாசகருக்குச் சொன்ன முறையே போதும். விண்ட்ஷீல்டுக்குக் கீழே தண்ணீர் வடியும் ஓட்டைகளில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே தேங்கும் தண்ணீர்தான் பல வண்டிகளில் ஃபயர்வால் ஓரத்தை அரிக்கிறது.

சர்வீஸ் விடும்போதெல்லாம் ‘எஞ்சின் கோட்டிங்’ என்று ஒரு கட்டணம் போடுகிறார்கள். தேவையா? (தாராவி வாசகர்)

தேவையில்லை. பளபளக்கவைக்கும் சிலிக்கான் கலவை என்றால் தூசியைச் சேர்க்கும். பின்னால் பெயின்ட் அடிக்கும்போது மீன்கண் போன்ற குழிகளைக் கொடுக்கும். கிளியர் லாக்கர் என்றால் அழுக்கோடு அழுக்காக ஹோஸ், வயர் எல்லாவற்றையும் மூடி மஞ்சளாகிவிடும். டீசலோ கழிவு ஆயிலோ அடிக்க முன்வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ரப்பர் உப்பும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

சயான் கோலிவாடாவில் பெயின்டிங் வேலை செய்கிறேன். ஜூன், ஜூலையில் டூ-கே அடித்தால் பொடிப் பொடிக் குமிழியும் மங்கலும் வருகின்றன. அதே பெயின்ட் டிசம்பரில் கண்ணாடியாக வருகிறது. சிலது வாரக்கணக்கில் நகம் பதிகிறது. ஏன்? (சயான் கோலிவாடா வாசகர்)

குமிழிக்குக் காரணம் ஈரம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் பெயின்டோடு சேர வேண்டியது. தண்ணீர் கிடைத்தால் அதோடும் சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை விடும். அந்த வாயுதான் குமிழி. ஜூலையில் வெப்பம் 28 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 88 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துளி படியும். தகடு அந்தப் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகச் சூட்டில் இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையின் விதி. உங்களுக்கு இருப்பது 2 டிகிரி. கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல்தான் அடிக்கிறீர்கள். டிசம்பர், ஜனவரியில் அதே 28 டிகிரியில் ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் பனிநிலை 18 டிகிரி அளவில் இருக்கும், கவலையே இல்லை.

மழைக்காலத்தில் அடித்தே ஆக வேண்டுமென்றால், ஹாலஜன் விளக்கால் தகட்டை 34, 35 டிகிரிக்கு ஏற்றி, அந்தச் சூட்டிலேயே அடியுங்கள். கம்ப்ரஸர் தொட்டியின் அடிக்குழாயைத் தினமும் காலையில் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஜூலையில் வருகிற அளவைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். கன்னுக்குப் பக்கத்தில் ஒரு வாட்டர் செபரேட்டர் இருக்கட்டும். பாதி காலியான ஹார்டனர் டப்பாவுக்குள் ஈரக்காற்று போய்விடும். கலங்கியிருந்தாலோ கூழாகத் திரிந்திருந்தாலோ அதைப் பயன்படுத்தாதீர்கள். சிறிய டப்பாவாக வாங்கினால் இந்தச் சேதம் குறையும்.

நகம் பதிவதற்குக் காரணம் வேறு. விலை குறைவு என்று டூ-கேயில் என்.சி. தின்னரைக் கலக்கிறீர்களா என்று பாருங்கள். என்.சி. தின்னரில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும். ஹார்டனர் பெயின்டை விட்டுவிட்டு அந்த ஆல்கஹாலோடு சேர்ந்து தீர்ந்துபோகும். அடிக்கும்போது நன்றாகப் படரும், பளபளப்பும் வரும், ஆனால் உள்ளே இறுகவே இறுகாது. எஞ்சின் ரூமில் அப்படிப்பட்ட பூச்சு முதல் பெட்ரோல் துளியிலேயே இளகிவிடும். பி.யூ. (பாலியூரித்தேன்) தின்னர் மட்டும் கலக்குங்கள், மே மாதத்தில் ஸ்லோ ரகம், குளிர்மாதங்களில் நார்மல். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள். கூடுதல் ஹார்டனர் காற்றின் ஈரத்தைத்தான் பிடிக்கும், பூச்சு நொறுங்கும். அளவுக்கோடு போட்ட கப் ஒன்றை வாங்கிக் கலந்தால் இரண்டு தவறும் வராது.